சோலார் குடிநீர் நிலையம்: பம்புக்கு முழு மார்க், பெட்டிக்குப் பாதிதான்

கரண்ட் சரியாக வராத, இல்லை வரவே வராத கிராமங்களுக்கென்று "சோலார் குடிநீர் நிலையம்" என்று மொத்தமாக ஒன்றை விற்கிறார்கள். போருக்குள் (ஆழ்துளைக் கிணற்றுக்குள்) இறக்க ஒரு பம்ப், அதை ஓட்டப் பேனல், ஒரு சின்ன அறைக்குள்ளோ இரும்புப் பெட்டிக்குள்ளோ சுத்திகரிக்கிற சாமான்கள், பக்கத்தில் டேங்க், வெளியே வரிசையாகக் குழாய். அப்படி ஒன்றில்தான் நாங்கள் குடிக்கத் தண்ணீர் பிடிக்கிறோம். அதைப் பார்த்துக்கொள்கிற குழுவிலும் நான் இருப்பதால், ஸ்பேனரோடு உள்ளே போய்ப் பார்க்கிற வாய்ப்பும் அடிக்கடி கிடைக்கிறது. கம்பெனி பெயர் சொல்லப் போவதில்லை. யார் விற்றாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய இதே சாமான்தான், தொந்தரவும் ஏறக்குறைய இதேதான்.

பம்பில் இருந்து ஆரம்பிக்கிறேன், குறை சொல்ல எதுவும் அகப்படாத பாகம் அது. காலையில் பேனல் மேல் வெயில் விழுந்ததும் தானாக மெதுவாகச் சுற்ற ஆரம்பிக்கும், உச்சி வெயிலில் முழு வேகம் பிடிக்கும், பொழுது சாயும்போது தானாக ஓய்ந்துவிடும். சுவிட்ச் போட ஆள் வேண்டாம், சத்தம் கிடையாது, புகை கிடையாது. டீசல் எஞ்சின் வைத்து இறைத்த காலத்தைப் பார்த்தவர்களிடம் இதன் அருமையை விளக்கவே வேண்டியதில்லை, டீசல் வாங்கிவரப் போன ஆள் திரும்பி வருகிற வரை குடங்கள் வரிசையில் கிடக்கும்.

நிறையப் பேர் நினைக்கிற மாதிரி இதற்கு ஒரு ஏக்கரில் பேனல் போட வேண்டியதில்லை. 1,000 லிட்டர் தண்ணீரை 1 மீட்டர் உயர்த்த ஆகிற சக்தி வெறும் 2.7 வாட்-மணி. 500 பேர் இருக்கிற ஊர், ஆளுக்கு 20 லிட்டர், ஆக நாளைக்கு 10,000 லிட்டர்; போரில் தண்ணீர் நிற்கிற மட்டத்தில் இருந்து டேங்கின் வாய் வரை 50 மீட்டர் என்று வைத்தால் 1,360 வாட்-மணி வருகிறது. மோட்டாரும் பம்பும் சேர்ந்து பாதிக்கு மேல் தின்றுவிடும், தூசுக்கும் சூட்டுக்கும் கொஞ்சம் போகும், நல்ல வெயில் 5 மணி நேரம்தான் என்று கஞ்சத்தனமாகக் கணக்குப் போட்டாலும் சுமார் 1 கிலோவாட் பேனல் போதும். அதாவது மூன்று நான்கு பேனல், அவ்வளவுதான். மழைக்காலத்தை நினைத்துக் கொஞ்சம் கூட்டிப் போடுவது நியாயம். மூன்று மடங்கு எழுதிக்கொண்டு வந்தால், எதற்கு என்று உட்காரவைத்துக் கேளுங்கள்.

வெயில் கொளுத்தினால் பம்ப் பிய்த்துக்கொண்டு ஓடும் என்பதும் பாதி உண்மைதான். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அதற்கு ஆகாது. பின்னால் ஒட்டியிருக்கிற வாட் கணக்கு 25 டிகிரியில் அளந்தது. அதற்கு மேல் ஏறுகிற ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் குறையும். கோடை மதியத்தில் பேனல் 60 டிகிரியைத் தொட்டால் ஏழில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். அதனால் தகரக் கூரையோடு ஒட்டிப் படுக்கவைக்காமல், அடியில் காற்றுப் போகிற மாதிரி தூக்கி வைக்கச் சொல்ல வேண்டும். அப்புறம் நிழல். பக்கத்து மரக்கிளையின் நிழல் ஒரே ஒரு பேனலின் ஓரத்தில் விழுந்தாலும் அந்த வரிசை முழுவதும் மந்தமாகிவிடலாம், பொருத்துகிற அன்று அந்தக் கிளை குட்டையாகத்தான் இருந்திருக்கும். துடைப்பதைக் காலையிலோ மாலையிலோ வைத்துக்கொள்ளுங்கள், மதியம் கொதிக்கிற கண்ணாடி மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்ற வேண்டாம்.

பேட்டரி தேவையா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பம்புக்குத் தேவையே இல்லை. வெயில் இருக்கும்போது தண்ணீரை மேலே ஏற்றி வைத்துவிட்டால் ராத்திரி அது தானாக இறங்கி வரும். 10 மீட்டர் உயரத்தில் டேங்க் இருந்தால் குழாயில் 1 பார் அழுத்தம் சும்மா கிடைக்கிறது. ஈய-அமில பேட்டரி 3 முதல் 5 வருஷத்தில் மாற்ற வேண்டிய சாமான், சூடான அறையில் வைத்தால் அதற்கு முன்னாலேயே படுத்துவிடும், வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. டேங்குக்கு அப்படி எந்த வியாதியும் இல்லை. பேட்டரிக்குக் கொடுக்கிற காசை இரண்டு நாள் தண்ணீர் பிடிக்கிற பெரிய டேங்குக்குக் கொடுங்கள், மேகமூட்டமான நாளைத் தாண்டிவிடலாம். உள்ளே ஒரு விளக்குக்கும் குளோரின் சொட்டுகிற சின்ன பம்புக்கும் மட்டும் குட்டி பேட்டரி ஒன்று இருந்தால் சரி.

இனி அந்தப் பெட்டி. இங்கேதான் எனக்கு மனவருத்தம்.

விற்க வந்தவர் செய்து காட்டிய வித்தை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. இரண்டு கண்ணாடி டம்ளர், ஒன்றில் போர்த் தண்ணீர், இன்னொன்றில் அவர் கேனில் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர், அதாவது சவ்வு வழியாக அழுத்தி உப்பைப் பிரித்தெடுத்த தண்ணீர். இரண்டிலும் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு கருவியைக் கவிழ்த்து வைத்து, வண்டி பேட்டரியில் இருந்து கரண்ட் எடுத்துக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் போர்த் தண்ணீர் பச்சை நிறமாகி, அப்புறம் பழுப்பாகி, மேலே நுரை கட்டி, அடியில் செதில் செதிலாக ஏதோ இறங்க ஆரம்பித்தது. அவருடைய தண்ணீர் அப்படியே பளிச்சென்று இருந்தது. "இதைத்தான் இத்தனை நாள் பிள்ளைகளுக்குக் கொடுத்தீர்களா?" என்று அவர் கேட்டதும் கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை, பெட்டி விற்றுவிட்டது.

நடந்தது வேறு. கருவியில் இருக்கிற கம்பி இரும்பு. தண்ணீரில் கரைந்த உப்பு இருந்தால் கரண்ட் பாயும், பாய்ந்தால் இரும்பு கரைந்து துருவாகும், நாம் பார்த்த பழுப்பு அந்தத் துருதான். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு இல்லை, கரண்ட் பாயவில்லை, துருவும் இல்லை. தேங்கிய அழுக்கும் சரி, மலையில் இருந்து வருகிற ஊற்றுத் தண்ணீரும் சரி, உப்பு இருந்தால் இதே நிறம்தான் வரும். உங்களிடம் யாராவது இதைச் செய்து காட்டினால் அவருடைய டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டு மறுபடி கரண்ட் கொடுக்கச் சொல்லுங்கள், முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

டி.டி.எஸ். மீட்டரும் கிட்டத்தட்ட இதே கதைதான், ஆனால் அது பொய்க் கருவி கிடையாது, சொல்லாததை நாம்தான் சொன்னதாக எடுத்துக்கொள்கிறோம். கரைந்திருக்கிற மொத்த உப்பு எவ்வளவு என்று மட்டும் அது காட்டும். அதில் ஃப்ளோரைடு எவ்வளவு, ஆர்சனிக் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது, வயிற்றுப்போக்கைக் கொண்டுவருகிற கிருமி அதன் கண்ணுக்கே தெரியாது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டியில், லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் சுவை நன்றாக இருக்கும், 1,000ஐத் தாண்டினால் குடிக்கப் பிடிக்காமல் போகும் என்றுதான் இருக்கிறது. எங்கள் போர்த் தண்ணீர் 400 சொச்சம். அதாவது உப்புத் தொல்லை கிடையாது. இங்கே இருந்த ஒரே தொல்லை மழை பெய்ததும் ஓரத்து வெடிப்பு வழியாக மேல்தண்ணீர் போருக்குள் இறங்கும்போது கூடவே வருகிற கிருமி. அதற்குப் போர் வாயைச் சுற்றி நல்ல சிமென்ட் மேடையும் குளோரினும் போதும். ஆர்.ஓ. என்பது உப்பைப் பிரிக்கிற யந்திரம், அதை இங்கே கொண்டுவந்து வைத்தது தேவையில்லாத வேலை.

தேவையில்லாததோடு நின்றாலும் பரவாயில்லை. சின்ன ஆர்.ஓ. யந்திரங்கள் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் கொடுக்கிறபோது இன்னொரு லிட்டரையோ அதற்கு மேலேயோ கழிவு என்று வெளியே தள்ளுகின்றன. கஷ்டப்பட்டு மேலே ஏற்றிய தண்ணீர் பாதி சாக்கடைக்குப் போகிறது. உப்பைப் பிரிக்கிற சவ்வான மெம்பிரேனுக்கு ஒரே சீரான அழுத்தம் வேண்டும், ஆனால் வெயிலோ ஒரு மேகம் வந்தால் இறங்கும், போனால் ஏறும். இதைச் சமாளிக்கத்தான் மறுபடி பேட்டரி உள்ளே வருகிறது. இரண்டு மூன்று நாள் ஓடாமல் ஈரமாகக் கிடந்தால் மெம்பிரேன் மேலேயே கிருமி படலம் கட்டும். சரி, முன்கூட்டியே குளோரின் போட்டுவிடலாம் என்றால் இப்போது பரவலாக இருக்கிற பாலிஅமைடு மெம்பிரேன் குளோரினில் அரித்துப்போய்விடும், எனவே நடுவில் கரி ஃபில்டர் வேண்டும், அந்தக் கரியையும் மாற்ற வேண்டும். ஒன்றுக்கு ஒன்று துணை என்று பெட்டி முழுக்க மாற்ற வேண்டிய சாமான்.

ஆர்.ஓ. எங்குமே வேண்டாம் என்று சொல்லவில்லை. தண்ணீர் உப்புக் கரிக்கிற இடம் என்றால் வேறு வழியே இல்லை. ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் பல்லில் கறை விழும், இன்னும் கூடினால் எலும்பையே பிடிக்கும். ஆர்சனிக்குக்கு எல்லை 0.01 மில்லிகிராம், நைட்ரேட்டுக்கு 50. இவற்றில் எதையும் கொதிக்கவைத்து விரட்ட முடியாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடத்தான் செய்யும். ஃப்ளோரைடு மட்டும் என்றால் ஆக்டிவேட்டட் அலுமினா, ஆர்சனிக் மட்டும் என்றால் இரும்பு ஆக்சைடு வகை ஃபில்டர் என்று கரண்டே கேட்காத வழிகளும் இருக்கின்றன. எல்லாமே போர்த் தண்ணீரை ஒரு ஆய்வகத்தில் கொடுத்துத் தாள் வாங்கிய பிறகு முடிவு செய்ய வேண்டியவை. கோடையில் ஒரு தடவை, மழை பெய்து முடிந்ததும் ஒரு தடவை என்று இரண்டு தாள் இருந்தால் இன்னும் நல்லது. பெட்டியை முதலில் வாங்கி, தண்ணீரை அப்புறம் பரிசோதிப்பது என்பதுதான் இப்போது நடைமுறையாக இருக்கிறது, இதில் எனக்கு உடன்பாடே கிடையாது.

பெட்டிக்குள் புற ஊதாக் கதிரால் கிருமியைக் கொல்கிற ஒரு யு.வி. விளக்கும் உண்டு, அதைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். அது ஏறக்குறைய 9,000 மணி நேரத்துக்கு, அதாவது விடாமல் எரிந்தால் சுமார் ஒரு வருஷத்துக்கு உருவாக்கப்பட்டது. அதற்குப் பிறகும் நீலமாக அழகாக எரிந்துகொண்டேதான் இருக்கும், கிருமியைக் கொல்கிற கதிர் மட்டும் மங்கிப் போயிருக்கும். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் சரி என்றுதான் தோன்றும். விளக்கைச் சுற்றியிருக்கிற குவார்ட்ஸ் குழாயில் சுண்ணாம்பு படிந்தாலும் அதே நிலைதான், கழற்றி மெல்லிய அமிலத்தில் துடைத்தால் தெரியும் எவ்வளவு வெள்ளை படிந்திருக்கிறது என்று. கலங்கல் தண்ணீரிலும் யு.வி. வேலைக்கு ஆகாது, துகள்களின் நிழலில் கிருமி தப்பிவிடும்.

இன்னொன்று, யு.வி.யோ ஆர்.ஓ.வோ தண்ணீர் குழாயை விட்டு வெளியே வந்த பிறகு எந்தக் காவலும் கொடுப்பதில்லை. அங்கே பிடித்த சுத்தமான தண்ணீர் திறந்த குடத்தில் வீட்டுக்குப் போய், கை முக்கி மொள்ளப்பட்டு, சாயந்திரத்துக்குள் பழைய நிலைமைக்கு வந்துவிடுவது சர்வ சாதாரணம். குளோரின் மட்டும்தான் கூடவே வீடு வரைக்கும் வரும். போட்டு 30 நிமிடம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மீதம் இருக்க வேண்டும், கடைசியில் பிடிக்கிற இடத்தில் குறைந்தது 0.2. ஒரு சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கிற சின்ன கிட் இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகளே பார்த்துவிடுவார்கள். வாசனை பிடிக்கவில்லை என்று முதலில் முணுமுணுப்பு வரும், வந்தது. அளவைச் சரியாக வைத்து, பிடித்த தண்ணீரைக் கொஞ்ச நேரம் வைத்துக் குடிக்கச் சொன்ன பிறகு அடங்கியது. ப்ளீச்சிங் பவுடரை மூட்டையாக வாங்கி அடுக்காதீர்கள், வெயிலிலும் ஈரத்திலும் அதன் வீரியம் போய்விடும், அப்புறம் போடுவது வெறும் சுண்ணாம்பு.

குழாய் பற்றியும் ஒரு வார்த்தை. கார்டு தேய்த்தால் தண்ணீர் வருகிற ஏ.டி.எம். மாதிரி வைத்துத் தருகிறேன் என்றார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் மொத்த நிலையத்திலும் அதிக நாள் வேலை செய்யாமல் கிடந்தது அந்தக் கார்டு ரீடர்தான், வெளியே எச்சரிக்கை விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும், உள்ளே டேங்க் நிறையத் தண்ணீர் இருக்கும், ஒரு சொட்டும் பிடிக்க முடியாது. கடைசியில் அதைத் தாண்டி ஒரு சாதாரணப் பித்தளைக் குழாயைப் போட்டோம். வாஷர் தேய்ந்தால் யாரும் மாற்றிவிடலாம். கீழே குடம் வைக்கிற திண்டு, வழிகிற தண்ணீர் சேறாகாமல் போக ஒரு வாய்க்கால், சின்னப் பிள்ளைக்கும் எட்டுகிற உயரம், இதெல்லாம் படத்தில் விழாத சமாச்சாரங்கள், தினமும் பிடிக்க வருகிற பெண்களைக் கேட்டிருந்தால் பொருத்தும்போதே சரியாக வந்திருக்கும். கேட்கவில்லை.

வெயில் இலவசம் என்பதில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது. டீசல் காசு உறுத்தியபோது யாரும் வீணாக இறைக்கவில்லை. இப்போது நாள் முழுக்க ஓடினாலும் கேட்பாரில்லை, டேங்க் நிரம்பி வழிந்தால் பக்கத்து நிலத்துக்குத் திருப்பிவிடலாமே என்று யாருக்காவது தோன்றும், நிலத்தடி மட்டம் மெல்லக் கீழே போகும். டேங்க் நிறைந்ததும் பம்பை நிறுத்துகிற மிதவை சுவிட்ச், போரில் தண்ணீர் குறைந்தால் மோட்டாரைக் காப்பாற்றுகிற சென்சார், எவ்வளவு எடுத்தோம் என்று காட்டுகிற ஒரு மீட்டர், இவை மூன்றும் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டியவை. மாதத்துக்கு ஒரு தடவை போருக்குள் கயிறு விட்டு மட்டத்தை அளந்து ஒரு நோட்டில் எழுதி வைத்தால் போதும்.

சர்வீஸ் என்று பார்த்தால் பத்துக்கு மூன்றுதான் கொடுப்பேன். கம்பெனியின் திரையில் எங்கள் நிலையம் பச்சையாக, "இயங்குகிறது" என்று தெரியுமாம். பம்ப் ஓடுகிறது, மீட்டர் சுற்றுகிறது, உண்மைதான். விளக்கு மங்கியது, ஃபில்டர் அடைத்தது, தண்ணீரில் கிருமி இருப்பது எதுவும் அந்தத் திரைக்குத் தெரியாது. போன் செய்தால் மரியாதையாகப் பேசுகிறார்கள், ஆள் அனுப்புகிறேன் என்கிறார்கள், ஆள் வருவதற்குள் மக்கள் பழைய கிணற்றுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அதைவிட மோசம், ஃபில்டர் கூடு அவர்களுடைய சொந்த அளவு. கடையில் கிடைக்கிற சாதாரண 10 அங்குலக் கேட்ரிட்ஜ் உள்ளே போகாது, அவர்களிடம்தான் வாங்க வேண்டும். வாங்குவதற்கு முன்னால் இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தாலே பாதித் தலைவலி மிச்சம்.

கம்பெனியை நம்பாமல் ஓட்ட முடியும், ஆனால் அதற்கு ஊரிலேயே ஒரு ஆள் வேண்டும், அவருக்குச் சம்பளம் வேண்டும். இலவசமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவர்கள் எல்லாரும் நல்ல மனசோடுதான் சொன்னார்கள், அறுவடை வந்ததும் ஆளைக் காணோம். வீட்டுக்கு ஒரு சிறு தொகை வசூலித்து, ஒரு பகுதி அவருக்கு, மீதி கன்ட்ரோலரும் (பேனல் கரண்டைப் பம்புக்கு ஏற்றபடி மாற்றித் தருகிற பெட்டி) பம்பும் மாற்ற வேண்டிய நாளுக்கு என்று ஒதுக்கிவைக்கிறோம். பேனல் 25 வருஷம் தாங்கும், பம்பும் கன்ட்ரோலரும் அவ்வளவு காலம் தாங்காது, நடுவில் ஒரு தடவையாவது மாற்ற வேண்டிவரும். அந்தக் காசு அன்றைக்குக் கையில் இல்லையென்றால் நாலு நல்ல பேனல் சும்மா வெயில் காய்ந்துகொண்டிருக்கும்.

கிருமி இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் வைத்திருப்பது எச்2எஸ் பாட்டில். கோட்டுக்குத் தண்ணீர் நிரப்பி மூடி, வெதுவெதுப்பான இடத்தில் ஒரு நாள், தேவைப்பட்டால் இரண்டு நாள் வைக்க வேண்டும், கறுத்தால் கெட்டது. ஆய்வகச் சோதனைக்கு இது ஈடில்லை, 100 மில்லியில் ஈ. கோலி என்கிற மலக் கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதை அங்கேதான் உறுதி செய்ய முடியும். ஆனால் கறுத்த பாட்டிலைக் குழாய் மேடையில் நாலு பேர் பார்க்க வைத்தால் விளக்கு மாற்றுவதற்கான பணம் அன்றைக்கே வசூலாகிவிடுகிறது, இதை நானே பார்த்திருக்கிறேன்.

ஆக, வாங்கலாமா? பம்ப், பேனல், பெரிய டேங்க், குளோரின், நல்ல குழாய் என்று எடுத்தால் தாராளமாக வாங்குங்கள், கரண்ட் இல்லாத இடத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை. மொத்தப் பெட்டியாகத்தான் தருவேன் என்றால் ஆய்வகத் தாளை மேஜையில் வைத்து, இதில் எந்தக் குறைக்கு உள்ளே எந்தச் சாமான் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பதில் இல்லாத சாமானைக் கழற்றிவிட்டு விலை போடச் சொல்லலாம். ஒப்பந்தத்தில் கடைசித் தவணையை மட்டும் நிறுத்திவையுங்கள், திறப்பு விழா அன்று கொடுக்க வேண்டாம். ஒரு மழைக்காலம் போன பிறகு, தூரத்துக் கடைசிக் குழாயில் பிடித்த தண்ணீர் ஆய்வகத்தில் தேறினால் கொடுப்போம் என்று எழுதி வாங்குங்கள். நாங்கள் அடுத்த நிலையத்துக்கு அப்படித்தான் எழுதியிருக்கிறோம், முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள்.